வாசகர் கேள்வி – பதில்: சீனாவின் சிறு நகரத்தில் ஆசிரியர் வேலை

பெய்ஜிங், ஷாங்காய் பற்றி இம்முறை வந்த கடிதங்கள் குறைவு. குய்லின், லோயாங், ஹெங்யாங் போன்ற நகரங்களில் ஆசிரியர் வேலைக்குப் போனவர்களும் போகக் காத்திருப்பவர்களும்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கே: எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்து ஆறு வருடமாக மெட்ரிக் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். ஹூனான் மாநிலத்துச் சிறு நகரம் ஒன்றில், ஆங்கிலப் பயிற்சி மையத்தில் மாதம் 14,000 யுவான் சம்பளம் என்கிறார் ஏஜென்ட். "முதலில் பிசினஸ் விசாவில் போங்கள், போனதும் வேலை விசாவாக மாற்றிவிடலாம்" என்கிறார். நம்பலாமா?
– வாசகி, திருநெல்வேலி

ப: நம்ப வேண்டாம். முன்பணம் கட்டியிருந்தால் உடனே திரும்பக் கேளுங்கள்.

சீனாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்க வேண்டுமானால் இஸட் விசாவில் நுழைய வேண்டும். நுழைந்த பின் வேலை அனுமதியும், அதை வைத்து வசிப்பு அனுமதியும் வாங்க வேண்டும். ஏஜென்ட் சொல்லும் பிசினஸ் விசா (எம் விசா) வியாபாரப் பேச்சுக்கு மட்டும்தான். அதில் போய் வகுப்பெடுத்தால் அது சட்டவிரோத வேலை. 2013 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் குடிவரவுச் சட்டத்தின் 80ஆவது பிரிவின்படி 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். நிலைமை கடுமையானது என்று கருதினால் 5 முதல் 15 நாள் வரை காவலும் சேரும். வேலை கொடுத்தவருக்கும் ஆளுக்கு 10,000 யுவான் அபராதம் உண்டு. அபராதமும் காவலும் உங்கள் தலையில்தான் விழும் என்பதைக் கவனியுங்கள்.

இதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. மொழி ஆசிரியராக வருகிறவர் அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது வேலை அனுமதி விதி. ஆங்கிலத்துக்கு நடைமுறையில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டு பாஸ்போர்ட்டைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் ஆங்கிலம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு இந்தக் கதவு பெரும்பாலும் திறப்பதில்லை. ஆறு வருடம் பாடம் எடுத்த உங்களுக்கு இது அநியாயமாகத்தான் படும். எங்களுக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் விதியைத் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும். சில மையங்கள் "ஆலோசகர்", "மேலாளர்" என்று வேறு பதவியில் அனுமதி வாங்கிக் கொடுத்து வகுப்புக்கு அனுப்பும். அனுமதியில் எழுதியிருக்கும் வேலையைத் தாண்டிச் செய்வதும் அதே சட்டத்தில் சட்டவிரோத வேலைதான்.

பயிற்சி மையங்களின் நிலையும் முன்போல் இல்லை. 2021 ஜூலையில் வந்த கட்டுப்பாட்டின்படி, ஒன்று முதல் ஒன்பதாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாட டியூஷனை லாப நோக்கில் நடத்தக் கூடாது. வார இறுதியிலும் விடுமுறையிலும் வகுப்பு கூடாது. ஆங்கிலமும் அந்தப் பாடங்களில் அடக்கம். அதன்பின் மூடிய மையங்கள் ஏராளம்.

கணிதம், இயற்பியல், கணினி போன்ற பாடங்களை ஆங்கிலத்தில் நடத்துபவர்களுக்கு இந்தத் தாய்மொழி விதி பொருந்தாது. பல்கலைக்கழகங்களும், பள்ளிகளின் சர்வதேசப் பிரிவுகளும் அப்படிப்பட்டவர்களை எடுக்கின்றன. தாய்மொழி விதி நமக்குச் சாதகமாக இருப்பது தமிழ் கற்பிப்பதில் மட்டும்தான். பெய்ஜிங் அயல்மொழிப் பல்கலைக்கழகத்திலும் குன்மிங்கில் உள்ள யுன்னான் மின்சு பல்கலைக்கழகத்திலும் தமிழ் கற்பிக்கிறார்கள். இடங்கள் மிகக் குறைவு, இரண்டுமே பெருநகரங்கள்.

கே: குய்லினில் ஒரு பல்கலைக்கழகம் கணித விரிவுரையாளராக எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது. எந்தச் சான்றிதழை எந்த வரிசையில் தயார் செய்வது? அப்போஸ்டில் (தூதரக முத்திரை இல்லாமலே வெளிநாட்டில் செல்லும் ஒற்றைச் சான்று) போதும் என்கிறார்களே?
– வாசகர், கோயம்புத்தூர்

ப: சீனா 2023 நவம்பர் 7 முதல் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆனால் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே அது நடைமுறைக்கு வரவில்லை. அப்போஸ்டில் மட்டும் ஒட்டிக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பழைய மூன்று படிகள்தான்: பட்டச் சான்றிதழுக்கு முதலில் சென்னையில் மாநில அரசின் சான்றொப்பம், அடுத்து வெளியுறவு அமைச்சகம், கடைசியாகச் சீனத் தூதரகம். பட்டமளிப்பில் கொடுக்கும் அசல் சான்றிதழ் வேண்டும். புரொவிஷனலை வைத்து ஆரம்பிக்காதீர்கள்.

காவல்துறைச் சான்றைப் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக வாங்கி, அதற்கும் அமைச்சகம், தூதரகம் என்று இரண்டு முத்திரை வாங்குங்கள். இதற்கு ஆறு மாதக் கெடு பார்ப்பார்கள். ஆகவே பட்டச் சான்றிதழ் வேலையை முதலில் முடித்துவிட்டு, இதைக் கடைசியில் எடுப்பதுதான் சரி. பலரும் இரண்டையும் ஒன்றாக ஆரம்பித்து, பட்டம் தாமதமாகி, காவல்துறைச் சான்றை மறுபடி எடுக்கிறார்கள்.

அனுபவச் சான்று பட்டம் வாங்கிய பிறகான இரண்டு ஆண்டு முழுநேர வேலையைக் காட்ட வேண்டும். கல்லூரியின் தலைப்புத்தாளில், சேர்ந்த தேதி, விலகிய தேதி, நடத்திய பாடம், கையெழுத்துப் போட்டவரின் பதவி, தொலைபேசி எண் எல்லாம் இருக்கட்டும். "நன்னடத்தை உள்ளவர்" என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் நம் ஊர்க் கடிதம் அங்கே பயன்படாது.

இவை போய்ச் சேர்ந்ததும் பல்கலைக்கழகம் விண்ணப்பித்து, வேலை அனுமதி அறிவிப்புக் கடிதத்தை அனுப்பும். அதை வைத்துத்தான் இஸட் விசா. அசல்களைக் கைப்பையில் கொண்டு போங்கள்.

இறங்கிய பின் மூன்று கெடு இருக்கிறது. விடுதியில் தங்காமல் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிவு. 15 நாளுக்குள் வேலை அனுமதிக்கு விண்ணப்பம். 30 நாளுக்குள் காவல்துறையின் குடிவரவு அலுவலகத்தில் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பம். மூன்றாவதற்கு முன் அங்கே மருத்துவப் பரிசோதனை உண்டு: ரத்தம், மார்பு எக்ஸ்ரே, இசிஜி, அல்ட்ராசவுண்ட். காலையில் வெறும் வயிற்றோடு போக வேண்டும். வசிப்பு அனுமதிக்குக் கொடுத்த பாஸ்போர்ட் இரண்டு, மூன்று வாரம் அலுவலகத்திலேயே இருக்கும், கையில் ரசீதுதான். அந்த நாள்களில் வெளியூர் போகத் திட்டமிடாதீர்கள்.

இத்தனையும் சீன மொழியில் நடக்கும். பெருநகரத்தில் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் எங்காவது கிடைப்பார். சிறு நகரத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு அலுவலகம்தான் ஒரே துணை. அதை வாய்பான் என்பார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: என் விஷயத்தைப் பார்க்கப் போகிறவர் யார், முதல் மாதம் காவல் நிலையத்துக்கும் வங்கிக்கும் கூட வருவாரா, இதற்கு முன் இந்திய பாஸ்போர்ட்டுக்கு வேலை அனுமதி எடுத்திருக்கிறாரா. மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்று வந்தால் வேலையை விட வேண்டியதில்லை. இரண்டு மாதம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கே: என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. கிவன் நேம் கட்டத்தில் என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து இருக்கின்றன. சிம் கார்டில் ஒரு மாதிரி, வங்கியில் வேறு மாதிரி பதிந்திருக்கிறார்கள். வீசாட் செயலியில் வங்கி அட்டையைச் சேர்க்கவே முடியவில்லை. காய்கறிக் கடையில்கூட எல்லோரும் போனைத்தான் நீட்டுகிறார்கள்.
– வாசகி, ஹெங்யாங் (சொந்த ஊர் தஞ்சாவூர்)

ப: சீனப் பெயர் பெரும்பாலும் இரண்டு, மூன்று எழுத்து. அங்குள்ள படிவங்கள் அதற்காகச் செய்தவை. இருபத்தைந்து ஆங்கில எழுத்துள்ள தமிழ்ப் பெயர் வந்தால் ஒரு ஊழியர் அப்பா பெயரை முன்னால் போடுவார், ஒருவர் இடைவெளி விடாமல் அடிப்பார், இன்னொருவர் கட்டம் நிரம்பியதும் நிறுத்திவிடுவார். வீசாட், அலிபே ஆகிய பணம் கட்டும் செயலிகள் உங்கள் பெயரை வங்கிப் பதிவோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ஒரு இடைவெளி மாறினாலும் "விவரம் பொருந்தவில்லை" என்று நின்றுவிடும்.

பாஸ்போர்ட்டின் படம் உள்ள பக்கத்தில், அடியில் இரண்டு வரி நெருக்கமாக அச்சாகியிருக்கும். முதல் வரியில் நாட்டுக் குறியீட்டுக்கு அடுத்து, அம்புக்குறிகளுக்கு நடுவே உங்கள் பெயர் வரும். எந்திரம் படிப்பது அந்த வரியைத்தான். அதே வரிசையில், பெரிய எழுத்தில், அம்புக்குறி உள்ள இடத்தில் ஒரே ஓர் இடைவெளி விட்டு ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இனி எந்த அலுவலகத்திலும் வாயால் சொல்லாமல் அந்தக் காகிதத்தைக் கொடுங்கள்.

திருத்தும் வரிசையும் முக்கியம். முதலில் வேலை அனுமதியிலும் வசிப்பு அனுமதியிலும் பெயர் சரியா என்று பாருங்கள். அடுத்து சிம் கார்டு; அதற்கு நகரத்தின் முதன்மைக் கிளைக்கே போங்கள், தெருமுனைக் கடையில் வெளிநாட்டவர் விவரத்தை மாற்ற வழியிருக்காது. பிறகு வங்கி. அங்கே "என் கணக்கில் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது, காட்டுங்கள்" என்று கேட்டு, திரையில் இருப்பதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். வங்கியில் தந்திருக்கும் கைபேசி எண்ணும் உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும். வாய்பான் ஊழியரின் எண்ணைத் தற்காலிகமாகக் கொடுத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். வீசாட்டைக் கடைசியில் தொடுங்கள். தவறான பெயரோடு திரும்பத் திரும்ப முயன்றால் கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்ளும்.

இன்னும் கிளம்பாதவர்களுக்கு: பாஸ்போர்ட்டில் இரண்டு வருடத்துக்கும் குறைவாக ஆயுள் இருந்தால் இந்தியாவிலேயே புதுப்பித்துவிட்டு, சர்நேமைப் பிரித்துப் போட்டுக்கொண்டு விண்ணப்பியுங்கள். அங்கே போனபின் பாஸ்போர்ட் எண் மாறினால் வசிப்பு அனுமதி, வங்கி, சிம், வீசாட், ரயில் செயலி என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். வசிப்பு அனுமதிக்கு 10 நாள்தான் கெடு.

கே: மாதச் சம்பளம் 12,000 யுவான். ஜனவரியிலிருந்து 210 யுவான் வரி பிடித்தார்கள். ஜூனில் 630, ஜூலையில் 700. கணக்குப் பிரிவு தவறு செய்கிறதா? ஊருக்குப் பணம் அனுப்ப என்ன வழி?
– வாசகர், லோயாங்

ப: தவறு இல்லை. சீனாவில் வரியை ஜனவரியிலிருந்து கூட்டிக்கொண்டே வந்து பிடிப்பார்கள். மாதம் 5,000 யுவானுக்கு வரி இல்லை, மீதி 7,000 வரிக்கு உரியது. அந்த மொத்தம் 36,000 ஆகும்வரை 3 சதவீதம். அதற்கு மேல் 144,000 வரை 10 சதவீதம். மே முடிய உங்கள் மொத்தம் 35,000, ஆகவே மாதம் 210. ஜூனில் 42,000 ஆகிறது: முதல் ஆயிரத்துக்கு 30, மீதி ஆறாயிரத்துக்கு 600, ஆக 630. ஜூலை முதல் முழு 7,000-க்கும் 10 சதவீதம். அடுத்த ஜனவரியில் மறுபடி 210-க்கு இறங்கும். வீட்டுக்கு அனுப்பும் தொகையை ஜூலைச் சம்பளத்தை வைத்துத் திட்டமிடுங்கள்.

சமூகக் காப்பீடும் பிடித்தால் ஓய்வூதியத்துக்கு 8, மருத்துவத்துக்கு 2 சதவீதம் போகும். நாட்டை விட்டு நிரந்தரமாகப் போகும்போது ஓய்வூதியத் தனிக்கணக்கில் உள்ளதைக் கேட்டு வாங்கலாம். கேட்காமல் வந்துவிடுகிறவர்கள் அதிகம்.

பணம் அனுப்ப வங்கிக்குப் போகும்போது பாஸ்போர்ட், ஒப்பந்தம், வரி கட்டிய சான்று, சம்பளக் கணக்குப் பட்டியல் நான்கும் வேண்டும். வரிச் சான்றை வரித்துறைச் செயலியிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். குடியிருப்புப் பக்கத்துக் கிளையில் வெளிநாட்டுப் பணமாற்றம் தெரிந்தவர் இருக்கமாட்டார். பேங்க் ஆஃப் சைனாவின் நகர முதன்மைக் கிளைக்கு வேலை நாளில் காலையில் போங்கள். இரண்டு, மூன்று மாதச் சம்பளத்தைச் சேர்த்து ஒரே முறையாக அனுப்பினால் கட்டணமும் அலைச்சலும் மிச்சம்.

கே: நான் சுத்த சைவம். சமாளிக்க முடியுமா?
– வாசகி, கும்பகோணம்

ப: வீட்டில் சமைத்தால் முடியும். கடைச் சாப்பாட்டில் கத்திரிக்காய், பீன்ஸ், கீரை என்று இருபது காய்கறி வகை கிடைக்கும். ஆனால் வதக்குவது பன்றிக் கொழுப்பில் இருக்கலாம், தூவுவது கோழிப் பொடியாக இருக்கலாம், ருசிக்குச் சிப்பிச் சாறு விட்டிருக்கலாம். "வோ ச்சி சூ" (நான் சைவம்) என்று சொன்னால் பலர் இறைச்சித் துண்டுகளை மட்டும்தான் எடுத்துவிடுவார்கள். மேலே சொன்ன மூன்றையும் பெயர் சொல்லி வேண்டாம் என்று சீனத்தில் எழுதி போனில் வைத்துக் காட்டுங்கள். புத்த கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்களில் பயமில்லை. அங்கே வெங்காயம், பூண்டும் சேர்க்கமாட்டார்கள். எந்தச் சிற்றூரிலும் இருக்கும் லான்ஜோ நூடுல்ஸ் கடை முஸ்லிம் கடை, பன்றி கிடையாது. ஆனால் சாறு மாட்டெலும்பில் கொதித்தது. தக்காளி முட்டை நூடுல்ஸுக்கும் பல கடைகளில் அதே சாறுதான்.

சமையலுக்கு அரிசி வாங்கும்போது நீள அரிசியாகப் பாருங்கள். வடகிழக்கு அரிசி குண்டாக, ஒட்டும். பச்சைப்பயறு, கொத்தமல்லி, இஞ்சி, மிளகாய், சீரகம் எல்லா ஊரிலும் உண்டு. மஞ்சளும் வெந்தயமும் மளிகைக் கடையில் இல்லாவிட்டால் சீன மருந்துக் கடையில் கேளுங்கள். துவரம்பருப்பும் உளுந்தும் இணையத்தில் தேடித்தான் வாங்க வேண்டும். உளுந்துக்குப் பதில் தோல் நீக்கிய பாசிப்பருப்பில் அரைத்தால் தோசை நன்றாக வரும், இட்லி அமுங்கும். பச்சைக் கறிவேப்பிலை, விதைகள், நெய் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். சாம்பார்ப் பொடியும் புளியும் கடைப் பாக்கெட்டில் பிரிக்காமல் கொண்டு போங்கள்.

கே: வகுப்பில் 48 மாணவர்கள். "புரிந்ததா" என்றால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், தேர்வில் பாதிப் பேர் எழுதவில்லை. கேள்வி கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை.
– வாசகர், யிச்சாங்

ப: எல்லோர் முன்னாலும் தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சம்தான் காரணம், அதோடு பாடத்தை முதல் முறையாக ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். "புரிந்ததா" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். சிறு கணக்கு ஒன்று கொடுத்து, இரண்டு நிமிடம் தனியாக எழுதச் சொல்லுங்கள், ஒரு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அதற்குப் பின் "நீங்கள் இருவரும் என்ன விடை கண்டீர்கள்" என்று கேட்டால் பதில் வரும், ஏனென்றால் தவறானாலும் அது இருவருடையது. ஒவ்வொரு வகுப்புக்கும் முந்தைய நாள் பதினைந்து கலைச்சொற்களை ஆங்கிலம், சீனம் இரண்டிலும் அனுப்புங்கள். பெரிய எண்களைச் சொல்லும்போது நிதானியுங்கள். அவர்கள் பத்தாயிரத்தை ஒரு வான் என்று வைத்து எண்ணுகிறவர்கள். மில்லியன் என்றதும் மனத்துக்குள் நூறு வான் என்று மாற்றிக்கொண்டிருக்கும்போது நீங்கள் அடுத்த வரிக்குப் போயிருப்பீர்கள்.

வகுப்புத் தலைவர் ஒருவர் இருப்பார், பான்ஜாங். வீசாட் குழு, அறை மாற்றம், யார் ஏன் வரவில்லை என்பது எல்லாம் அவர் கையில். முதல் நாளே அவரோடு பேசிவிடுங்கள்.

தேர்வுத் தாள் வேலையைப் பருவத் தொடக்கத்திலேயே கேட்டறியுங்கள். ஏ, பி என இரண்டு வினாத்தாள், இரண்டுக்கும் விடைக்குறிப்பும் மதிப்பெண் பங்கீடும் கேட்பார்கள். ஒன்று பருவத் தேர்வுக்கு, மற்றது துணைத் தேர்வுக்குப் பயன்படும். திருத்தம் சிவப்பு மையில். மதிப்பெண்ணை அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்து வேண்டும். வகுப்புச் செயல்பாட்டு மதிப்பெண்ணுக்கும் வாராவாரப் பதிவு காட்ட வேண்டும். கடைசி வாரத்தில் மனத்தில் இருப்பதை எழுதினால் கோப்பு திரும்பி வரும். அரசு விடுமுறைக்கு ஈடாகச் சனி, ஞாயிறில் வகுப்பு வைப்பதும் வழக்கம். அக்டோபர் முதல் வாரத்துக்கு முன்னும் பின்னும் ரயில் சீட்டு எடுக்குமுன் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

கே: குய்லின் தெற்கே இருக்கிறது, குளிர் இருக்காதுதானே?
– வாசகி, சேலம்

ப: இருக்கும், வீட்டுக்குள்ளேயே இருக்கும். மைய வெப்பமூட்டல் வட சீன நகரங்களுக்குத்தான். அங்கே நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை குழாய் வழியே சூடு வரும். தெற்கே அது கிடையாது. ஜனவரியில் வெளியே 5 டிகிரி என்றால் அறைக்குள்ளும் ஏறக்குறைய அதேதான். வீடு பார்க்கும்போது ஏசி சூடான காற்றும் தருமா என்று போட்டுப் பாருங்கள். மின்கம்பளி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பிப்ரவரிக்கு மேல் தெற்கிலிருந்து ஈரக்காற்று வரும்போது சுவரும் தரையும் வேர்க்கும். அந்த நாள்களில் சன்னலைத் திறந்தால் இன்னும் நனையும். மூடிவைத்து ஈரம் உறிஞ்சும் எந்திரத்தைப் போடுங்கள். சான்றிதழ்களைக் காற்றுப் புகாத உறையில் வைக்காவிட்டால் பூசணம் பிடிக்கும். வாடகை பெரும்பாலும் ஒரு மாத முன்பணம், மூன்று மாத வாடகை சேர்த்துக் கேட்பார்கள். சம்பளம் வருமுன் நான்கு மாத வாடகை கையில் இருக்கட்டும்.

கே: ஒப்பந்தம் ஜூலையில் முடிகிறது. வேறு நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. எதை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும்?
– வாசகர், லெஷான்

ப: விலகல் சான்றும், வேலை அனுமதியை ரத்து செய்த சான்றும். இரண்டிலும் முத்திரை வேண்டும். இவை இல்லாமல் புது நிறுவனம் உங்கள் பெயரில் விண்ணப்பிக்க முடியாது. ரத்தான பின் பழைய வசிப்பு அனுமதியை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது; இடைப்பட்ட நாள்களுக்குக் குடிவரவு அலுவலகத்தில் தங்கல் அனுமதி எடுக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் பல்கலைக்கழக அலுவலகங்கள் வாரத்தில் ஓரிரு நாள்தான் திறந்திருக்கும், முத்திரை வைத்திருப்பவர் ஊரில் இருக்கமாட்டார். ஆகவே ஜூன் முதல் வாரத்திலேயே எழுத்தில் கேளுங்கள். மதிப்பெண் கோப்பு, நூலகப் புத்தகம், குடியிருப்புச் சாவி மூன்றையும் ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள். விலகல் சான்றைத் தள்ளிப்போட இவற்றைத்தான் காரணம் காட்டுவார்கள். வங்கிக் கணக்கையும் சிம் கார்டையும் மூடாதீர்கள், புது நகரத்திலும் அவையே செல்லும். புது வீட்டுக்குப் போனதும் 24 மணி நேரப் பதிவு மறுபடி உண்டு.